எதிர்முனையில் ஒரு ‘ம்’

1

ஒரு சனிக்கிழமை காலை எங்கள் வீட்டில் இணையம் நின்றுபோனது. என் மகள் கயல் அந்த நிறுவனத்துக்குப் போன் போட்டாள். அவளுக்கு வயது பதினான்கு. யார்க்‌ஷயர் பக்கத்து இந்த நகரத்தின் உச்சரிப்பு எனக்கு இத்தனை ஆண்டுகளில் பிடிபடவில்லை. அவளுக்கு வேறு உச்சரிப்பு தெரியாது. அதனால் இந்த மாதிரிப் போன்களை அவளிடம் விட்டுவிடுவது எங்கள் வீட்டு வழக்கம். பெயரும் பிறந்த தேதியும் கேட்கும்போது மட்டும் போனை என் பக்கம் நீட்டுவாள். நான் என் பெயரை எழுத்து எழுத்தாகச் சொல்லிவிட்டுத் திருப்பிக் கொடுப்பேன்.

வெகுநேரம் இயந்திரம் பேசியது. ஒன்றை அழுத்தச் சொன்னது, பிறகு மூன்றை அழுத்தச் சொன்னது, எங்கள் அழைப்பு அதற்கு மிகவும் முக்கியம் என்றது, பாட்டுப் போட்டது. கடைசியில் ஒரு பெண் வந்தாள். கயல் கத்தத் தொடங்கினாள். பள்ளியில் ஆசிரியர்களிடம் அவள் நல்ல பிள்ளை. பேருந்தில் இறங்கும்போது ஓட்டுநருக்கு நன்றி சொல்லாமல் இறங்க மாட்டாள். அந்தப் பிள்ளை, முகம் தெரியாத ஒரு பெண்ணிடம் அவள் வேலையைப் பற்றியும் அறிவைப் பற்றியும் பேசினாள். ஒரு கட்டத்தில் எதிர்முனையில் சத்தமே இல்லை. “ஹலோ? ஹலோ?” என்று கயலின் குரல் இன்னும் ஒரு படி ஏறியது. நான் போனை வாங்கி மன்னிப்புக் கேட்டு முடித்துவைத்தேன்.

அதை மறந்துகூடப் போயிருப்பேன். அன்று மதியமே என் தங்கை மாரீஸ்வரி சாத்தூர் பக்கத்து அச்சங்குளத்திலிருந்து பேசினாள். நலம் விசாரித்த கையோடு சொன்னாள்.

“அண்ணே, தீபாவளி முடிஞ்சு பூஜை போட்டதும் நான் பழையபடி உள்ளேயே போயிரலாம்னு இருக்கேன்.”

எங்கள் ஊரில் ‘உள்ளே’ என்றால் பட்டாசு ஆலைக்குள் என்று பொருள். ‘பூஜை’ என்றால் தீபாவளிக்கு அடைத்த ஆலையை மறுபடி திறக்கும்போது போடுவது.

2

மாரி கல்யாணத்துக்கு முன்பிருந்தே ஆலையில் பட்டாசுக் குழாய்களுக்குள் வெடிமருந்து செலுத்தும் வேலை பார்த்தவள். சிறு அறை, நான்கு பேர், தரையில் ரப்பர் விரிப்பு. வளையல், கொலுசு கூடாது. கைபேசியை வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். போன சித்திரையில் பக்கத்து ஆலையில் ஒரு அறை வெடித்துப் போனது. அதில் அவளோடு பள்ளிக்கூடம் படித்த ஒருத்தி இருந்தாள். அதன்பிறகு மாரி உள்ளே போகவில்லை. ஆடி பிறந்ததும் சிவகாசியில் ஒரு பட்டாசு மொத்த வியாபாரக் கடையில் போன் எடுக்கும் வேலைக்குச் சேர்ந்தாள். கைபேசி கொண்டுபோகக் கூடாத இடத்தில் இருந்தவளுக்கு நாள் முழுக்கப் போன்தான் வேலை.

அவள் கடைக்கு மாறிய அன்று இங்கே என் மனைவி பாயசம் வைத்தாள். காரணம் இருந்தது. நான் விருதுநகரில் ஒரு நாளிதழுக்கு நிருபராக இருந்தவன். ஆலையில் விபத்து என்றால் அரசு மருத்துவமனை வாசலில் போய் நிற்பேன். பெயர், வயது, ஊர் ஆகிய மூன்றையும் பிழையில்லாமல் எழுதிக்கொள்வது என் வேலை. ஊர் என்ற இடத்தில் அச்சங்குளம் என்று வந்துவிட்டால் பேனா ஒரு கணம் நிற்கும். மனைவிக்குச் செவிலியர் வேலை கிடைத்து இந்த நாட்டுக்கு வந்த பிறகும் அந்தப் பழக்கம் விடவில்லை. காலையில் எழுந்ததும் கைபேசியில் முதலில் தேடுவது ஊர்ச் செய்தியைத்தான். மாரி போன் வேலைக்குப் போனதிலிருந்துதான் பல் விளக்கிவிட்டுச் செய்தி பார்க்க முடிகிறது.

இப்போது அவள் திரும்பப் போகிறேன் என்கிறாள்.

“ஏ மாரி, சம்பளம் சரியா குடுக்கலையா?”

“அதெல்லாம் குடுக்காக.”

“பின்ன என்ன?”

“பேச்சு வாங்க முடியலண்ணே. மருந்துகூட ஒரு பதம் பாத்துப் பழகுனா நம்ம சொன்னபடி கேக்கும். இந்த மனுசங்க வாயி இருக்கு பாரு...” என்றாள். “போர்மேன் அண்ணாச்சிகிட்டயும் வாரேன்னு வாக்குக் குடுத்துட்டேன்.”

3

போனில் பேச்சு வாங்குவது எனக்கும் தெரிந்த தொழில்தான். இங்கே நகரப் பேருந்து நிறுவனம் ஒன்றில், பேருந்தில் தவறவிட்ட பொருள்களுக்கான பிரிவில் இருக்கிறேன். போன் எடுப்பேன்; வாரத்தில் ஓரிரு நாள் கவுன்டரிலும் நிற்பேன்.

சேர்ந்த புதிதில் என் ஆங்கிலமே எனக்கு எதிரியாக இருந்தது. செய்தி நிறுவனங்களின் ஆங்கிலத்தை மொழிபெயர்த்துப் பழகியவன், ஒவ்வொரு வாக்கியத்திலும் தயவுகூர்ந்து என்பேன், பணிவுடன் என்பேன். எங்கள் ஊரில் அது மரியாதை. இந்த ஊர்க் காதுக்கு அது கிண்டலாக விழுந்திருக்கிறது. நான் பணியப் பணிய அவர்கள் சூடாவார்கள். அவர்கள் சூடாகச் சூடாக நான் இன்னும் பணிவேன். ஒருநாள் மேற்பார்வையாளர் அம்மாள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுவிட்டு, “நீ அவர்களைக் கேலி செய்கிறாயா?” என்று உண்மையாகவே கேட்டார்.

மொழி ஓரளவு சரியான பிறகும் திட்டு நிற்கவில்லை. அப்போதுதான் ஒன்றைக் கவனித்தேன். பெரிய பொருளைத் தொலைத்தவர்கள் மென்மையாகப் பேசுகிறார்கள். இறந்துபோன கணவரின் கைக்கடிகாரத்தைத் தவறவிட்ட ஒரு அம்மாள், என்னைத் தொந்தரவு செய்வதற்கு மூன்று முறை வருத்தம் தெரிவித்தார். கத்துகிறவர்கள் குடையைத் தொலைத்தவர்கள். கடிகாரக்காரருக்குக் கடிகாரம் வேண்டும், என் உதவி வேண்டும். குடைக்காரருக்குக் குடை வேண்டியதில்லை. அன்று அவருக்கு எல்லாமே தவறிப்போயிருக்கிறது. அதை யாரிடமாவது சொல்லித் தீர்க்க வேண்டும்.

போனில் என்னைக் கிழித்துத் தொங்கவிட்ட ஒருவர் மறுநாள் கவுன்டருக்கு வந்தார். குரலை வைத்து அடையாளம் கண்டுகொண்டேன். பின்னால் வந்த வயதானவருக்காகக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். என்னிடம் வானிலை பற்றிப் பேசினார். நேற்றுப் போனில் இருந்தவன் நான்தான் என்று அவருக்குத் தோன்றவேயில்லை. நேற்று அவர் திட்டியது ஒரு மனிதனை அல்ல, ஒரு போனை.

4

நம் ஊரில் இதற்கு இன்னொரு பக்கம் உண்டு. சூலக்கரையில் கலெக்டர் அலுவலக வளாகத்தில் நிருபராக எத்தனையோ திங்கட்கிழமைகள் நின்றிருக்கிறேன். மனு கொடுக்க வருகிறவர்கள் செருப்பை வெளியே விட்டுவிட்டு, துண்டைத் தோளிலிருந்து இறக்கிவிட்டு, ஜன்னலுக்கு இந்தப் பக்கம் குனிந்து நிற்பார்கள். உள்ளே இருப்பவர் நிமிராமலே, “போய்ட்டு அடுத்த வாரம் வாங்க” என்பார். “சரிங்கய்யா” என்று திரும்புவார்கள். மரத்தடிக்கு வந்த பிறகுதான் வாய் திறக்கும், அதுவும் மெதுவாக.

அந்த ஜன்னலில் விழுங்கிய சொற்கள் எங்கே போகின்றன? எதையும் செய்ய அதிகாரம் உள்ளவரிடம் நாம் குரலை உயர்த்துவதில்லை. எதையும் செய்ய முடியாதவரிடம்தான் உயர்த்துகிறோம். அவரால் நமக்கு ஒரு கெடுதலும் வராது என்று தெரியும். போன் எடுக்கிற பெண்ணைவிட அதற்குப் பொருத்தமான ஆள் கிடையாது. பெட்டியைக் கட்டியது வேறொருவர், ஏற்றியது வேறொருவர், லாரி எங்கே நிற்கிறது என்று லாரி ஆபீஸுக்குத்தான் தெரியும். ஆனால் கூப்பிட்டால் குரல் கொடுப்பது மாரி மட்டும்தான். கிடைத்த ஒரே காதில் மொத்தத்தையும் கொட்டிவிடுகிறார்கள்.

எங்கள் விருதுநகர் அலுவலகத்திலும் ஒரு போன் இருந்தது. மின்தடை அறிவிப்பில் ஊர்ப்பெயர் மாறி வந்துவிட்டால் காலையிலேயே ஆரம்பித்துவிடும். எங்களோடு இருந்த விளம்பரப் பிரிவு அண்ணாச்சி ஒருவர் ரிசீவரை மேசையில் வைத்துவிட்டு டீ குடிக்கப் போவார். திரும்பி வந்து எடுத்து, “ஆங், சொல்லுங்க” என்பார். எதிர்முனை அதே வேகத்தில் போய்க்கொண்டிருக்கும். நாங்கள் விழுந்து விழுந்து சிரிப்போம்.

5

மாரி பேசியதற்கு மறுநாள் ஞாயிறு. எங்களுக்குச் சாப்பாட்டு நேரம், அவளுக்கு டீ நேரம். வீடியோவில் மாரியைக் கூப்பிட்டேன். எதிரே கயல் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். ஒரு காலத்தில் இந்த ஞாயிற்றுக்கிழமைப் பேச்சு முழுக்க அவளுடையது. இப்போது “ஹாய் அத்தை” என்று கையசைத்துவிட்டுத் தன் கைபேசிக்குள் போய்விடுவாள். தமிழில் கேட்டால் புரியும். பதில் ஆங்கிலத்தில் வரும்.

“அப்படி என்னதான் சொல்லித் திட்டுறாங்க?” என்று கேட்டேன்.

“சரக்கு வரலேங்காக. சரி, வரல. நான் ஒரு வார்த்த எதுத்துப் பேசினதில்லண்ணே. கம்முன்னுதான் இருக்கேன். அதுக்கே எகிறுதாக. ‘ஏம்மா, வாயில என்ன கொழுக்கட்டயா வச்சிருக்க’ங்காரு ஒருத்தரு. ‘நான் என்ன செவுத்துக்கிட்டயா பேசுறேன்’ங்காரு இன்னொருத்தரு. பேசாம இருக்கதுக்கும் திட்டுவாகளா?”

“நீ ஏன் பேசாம இருக்க?”

அவள் என்னை விநோதமாகப் பார்த்தாள். “சத்தம் கேட்டா கம்முன்னு ஆயிரணும்லா. உள்ள அப்படித்தான. எவளாவது பதறிக் கத்தினா, கைய மருந்துலருந்து எடு, வாய மூடு, அசையாத. பதறுனா ஒரசும். ஒரசுனா அம்புட்டுத்தான். இத்தன வருசம் அப்படியே இருந்தாச்சு. இங்கன போன்ல ஒருத்தரு கத்துனதும் எனக்குக் கை தன்னால மேசையவிட்டு மேல வந்துருது. வாய் தன்னால மூடிக்கிடுது.”

கயல் கைபேசியைக் கவிழ்த்து வைத்ததை அப்போதுதான் பார்த்தேன். அவள் பாதித் தமிழிலும் பாதி ஆங்கிலத்திலுமாகச் சொன்னதை இங்கே தமிழில் தருகிறேன்.

“அத்தை, நேத்து நானும் ஒருத்தங்களைத் திட்டினேன். இன்டர்நெட் கம்பெனியில. அவங்க பேசாம ஆயிட்டாங்க. போனைக் கீழ வச்சிட்டுப் போயிட்டாங்கன்னு நினைச்சேன். நான் கத்துறது யாருக்குமே கேக்கலைன்னு தோணிச்சு. அதான் இன்னும் கத்தினேன்.”

“போயிட்டான்னா நெனச்ச? அங்கனதான் உக்காந்திருப்பா, பாவம்.”

“எனக்கு எப்படித் தெரியும்? எனக்கு ஒண்ணும் கேக்கலையே.”

மாரி டம்ளரில் இருந்த டீயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள்.

“ஏ கயலு, சின்னப்பிள்ளைல ஒனக்குப் போன்ல கதை சொல்லுவேனே, ஞாபகம் இருக்கா? நீ ம் கொட்டலேன்னா நான் என்ன செய்வேன்?”

“ஸ்டாப் பண்ணிடுவீங்க.”

“நிறுத்த மாட்டேன்டி. மொதல்ல கத்துவேன். ‘ஏ கழுத, ஒறங்கிட்டியா? நான் இங்கன தனியாப் பேசிட்டுக் கெடக்கேனா’ன்னு. ஒங்கம்ம ஓடிவந்து, ‘ஒறங்கல மாரி, கண்ணத் தொறந்து கேட்டுட்டுத்தான் இருக்கா’ம்பா. அப்பவும் எனக்கு ஆத்திரம் அடங்காது.” சிரிப்பை நிறுத்தினாள். “அப்ப நானும் அந்த அண்ணாச்சிமாரு மாதிரிதான் கத்தியிருக்கேன், என்ன?”

கயல் ஆமாம் என்று தலையாட்டினாள். ரொம்பவும் சந்தோஷமாக.

எனக்குப் பேருந்து நிறுவனத்தின் பயிற்சி வகுப்பு நினைவுக்கு வந்தது. கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள் என்று அழைப்பவருக்கு அவ்வப்போது ஒலியால் உணர்த்துங்கள் என்று அங்கேயும் சொன்னார்கள். அதை ஒரு நடிப்பு என்று நான் ஒதுக்கியிருந்தேன். அது நடிப்பு என்றால், கதை கேட்கிற எல்லாக் குழந்தைகளும் நடிகர்கள்தான்.

6

அடுத்த ஞாயிறு மாரி தானே கூப்பிட்டாள். முதல் கேள்வி, “கயலு எங்க?” என்பதுதான். கயல் வந்து உட்கார்ந்தாள்.

“மதுர பக்கம் ஒரு கடக்காரரு. லாரி ஆபீஸுக்கு மூணு நட நடந்தாராம், பெட்டி வரலயாம். எடுத்ததும் ஆரம்பிச்சாரு. எனக்குக் கை மேல வந்துருச்சு. இருந்தாலும் வாயத் தொறந்து ம்னேன். சொல்லுங்க அண்ணாச்சின்னேன். அவரு கடைய ஆரம்பிச்ச கதைலருந்து சொல்றாரு. ம்ங்கிறேன். மச்சினன் ஏமாத்துனதச் சொல்றாரு. அய்யய்யோங்கிறேன். பாதியில நின்னுட்டாரு. ‘ஏம்மா, நான் எங்க விட்டேன்?’ன்னாரு.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“‘லாரி ஆபீஸ்ல விட்டீக அண்ணாச்சி’ன்னேன். சிரிச்சிட்டாரு மனுசன். ‘சரி சரி, பெட்டி எங்க நிக்கின்னு பாத்துச் சொல்லுத்தா’ன்னு வச்சிட்டாரு.”

கயல் மேசையைத் தட்டிச் சிரித்தாள்.

எல்லாரும் அந்த மதுரைக்காரர் ஆகிவிட மாட்டார்கள். இதை எழுதும்போது அதையும் எழுத வேண்டும். ஒருவர் மாரியின் குரலைக் கேட்டதும் வாயால் சொல்ல முடியாத சொற்களைச் சொன்னார். அவருக்கு எந்தப் பெட்டியும் வரவேண்டியிருக்கவில்லை. அப்படிப்பட்டவர்களுக்கு ம் கொட்டக் கூடாது. எங்கள் அலுவலகத்தில் இதற்கு ஒரு விதி உண்டு: ஒருமுறை எச்சரி, பிறகு துண்டித்துவிடு. அதைச் சொன்னேன். “ஒங்க நாட்டுல சரி. இங்கன மொதலாளி விடணும்லா” என்றாள்.

முதலாளியிடம் பேசியது அவளுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்காரும் பர்வீன். சிவகாசியில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் வீட்டுப் பெண். வியாபாரிகளைப் பிறந்ததிலிருந்து பார்த்தவள். ஆர்டர் போய்விடுமே என்று முதலாளி இழுத்திருக்கிறார்.

“சரிங்க மொதலாளி” என்றாளாம் பர்வீன். “இந்த நாற்காலில ஒங்க மக உக்காந்திருந்தா எதுவரைக்கும் கேக்கலாம்னு சொல்லுங்க. நாங்களும் அதுவரைக்கும் கேட்டுக்கிடுறோம்.”

அவர் எழுந்து குடோன் பக்கம் போய்விட்டார். சாயங்காலம் வந்து, யாரையும் பார்க்காமல், “ஒரு தடவ சொல்லிப் பாருங்க. கேக்கலேன்னா வச்சிருங்க. போற ஆர்டர் போகட்டும்” என்றார்.

தீபாவளிக்கு முந்தின வாரம் போன்கள் சூடாகிக் கைமாறிக்கொண்டே இருந்தன என்று மாரி சொன்னாள். தொண்டை கட்டிவிட்டது. திட்டு குறைந்ததா என்று கேட்டேன். “திட்டு அதே திட்டுதான். சீக்கிரம் முடிஞ்சிருது” என்றாள். அந்தக் கடைக்குக் காலண்டர் வியாபாரமும் உண்டு. அந்த சீசனுக்கும் இருக்கச் சொல்லி முதலாளி கேட்டிருக்கிறார். பார்க்கலாம் என்று சொல்லி வைத்திருக்கிறாள். போர்மேனுக்குக் கொடுத்த வாக்கு இருக்கிறது. அங்கே கூலி கூடுதல். கூட வேலை பார்த்தவர்கள் எல்லாம் அங்கேதான் இருக்கிறார்கள். கடல் தாண்டி உட்கார்ந்துகொண்டு யாருக்கும் பிழைப்பைப் பற்றிச் சொல்லக் கூடாது என்று எனக்கு நானே வைத்துக்கொண்ட விதி. காலையில் பல் விளக்குமுன் கைபேசியைத் தேடும் பழக்கம் மட்டும் மெல்லத் திரும்பியிருந்தது.

7

தீபாவளி முடிந்தது. இங்கே மழையில் நனைந்த இரண்டு மத்தாப்போடு முடிந்தது. அங்கே ஆலைகள் அடைத்து, கூலி பிரித்து, ஊர் ஓய்ந்தது. சில வாரம் கழித்து ஆலைகளில் மறுபடி பூஜை போட ஆரம்பித்துவிட்டார்கள் என்று செய்தியில் பார்த்தேன்.

அந்த ஞாயிறு மாரி வீடியோவில் வந்தாள். நான் மட்டும்தான் மேசையில் இருந்தேன். கயல் மாடிப்படியில் உட்கார்ந்து காலணிக் கயிறு கட்டிக்கொண்டிருந்தாள். தோழி வீட்டுக்குக் கிளம்புகிற அவசரம்.

“போர்மேன் அண்ணாச்சி போன் போட்டாகண்ணே” என்று தொடங்கினாள் மாரி. “‘பூஜ போட்டாச்சு, நீ என்ன மகாராணியா, ஒனக்கு வெத்தலபாக்கு வச்சு அழைக்கணுமா’ன்னாக. ம்னேன். ‘ஆளு இல்லாம ரூம் பூட்டிக் கெடக்கு, குடுத்த வாக்கு என்னாச்சு’ன்னாக. அதுக்கும் ம்னேன். ‘போன்ல கண்டவன்கிட்டயும் பேச்சு வாங்குறதுக்கு இது எம்புட்டோ மேல்’னாக. அதுக்கும் ம்னேன்.”

அங்கே நிறுத்தினாள்.

நான் அவள் முகத்தைப் பார்த்தேன். அதில் ஒன்றும் தெரியவில்லை. அவள் என்னைப் பார்க்கவும் இல்லை. எனக்குப் பின்னால், படிக்கட்டுப் பக்கம், எதற்கோ காத்திருப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தாள். கேட்க வேண்டியதைக் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

படிக்கட்டிலிருந்து குரல் வந்தது.

“ம்.”

“அப்படிச் சொல்லு, என் கழுத” என்றாள் மாரி. “முழுசாக் கத்தி முடிக்கட்டும்னு இருந்தேன். முடிச்சாக. ‘அம்புட்டுத்தானா அண்ணாச்சி?’ன்னேன். அம்புட்டுத்தான்னாக.”

“ம்” என்றாள் கயல். ஒரு காலில் காலணியோடு மேசைக்கு வந்திருந்தாள்.

“‘கூப்பிட்டதுக்குச் சந்தோசம் அண்ணாச்சி. நான் வரல, காலண்டர் ஆர்டர் ஆரம்பிச்சிருச்சு’ன்னேன்.”